அடைப்புக்குறிக்கு வெளியே

கீழே போகும் பொத்தானைத்தான் ராஜகுமார் அழுத்தினான். லிஃப்ட் மேலே கிளம்பியது.

மும்பை செம்பூரில் ஏழு மாடிக் கட்டடம். நான்காம் மாடியில், லிஃப்டுகளுக்கு மென்பொருள் எழுதும் நயினார் அண்ணாச்சியின் கம்பெனி; சோதனைக்கு அகப்பட்ட எலி இந்த லிஃப்ட்தான். வெளியே சாயங்கால மழை கொட்டிக்கொண்டிருக்க, டிராம்பே பக்கத்து எண்ணெய் ஆலை வாடை கதவிடுக்கு வழியாக ஈரத்தோடு நுழைந்து அவன் மூக்கில் உட்கார்ந்தது.

அவன் வயிற்றில் எரிந்த பொறாமையைக் குழாய் வைத்துப் பிடித்திருந்தால் தாராவி முழுவதும் ஒரு வாரம் சமைத்திருக்கலாம். காரணம் சஃபீனா. நேற்று வந்தவள், இன்று குழுத் தலைவி. அவன் வருடக்கணக்கில் கனவிலேயே உட்கார்ந்து தேய்த்த நாற்காலி அது. அண்ணாச்சி எல்லார் முன்னாலும் சொல்லிக் காட்டவும் செய்தார்.

"ஏல, நீ லிஃப்ட் ஓடும்போது கணக்குப் போடுத. அந்தப் புள்ள லிஃப்ட் கெளம்புததுக்கு முந்தியே முடிச்சிருதா."

அவள் வித்தை மேக்ரோ. நிரலில் ஒரு பெயரை வைப்பாள். நிரல் இயந்திர மொழிக்குக் கம்பைல் ஆகும்போது பெயர் இருந்த இடத்தில் கணக்கு வந்து உட்காரும். விடை அப்போதே முடிவாகி சிப்பில் ஏறிவிடும். அப்புறம் லிஃப்ட் எதையும் யோசிக்காது.

லிஃப்டின் மேல் எல்லையைச் சொல்லும் மேக்ரோவில் அடைப்புக்குறிகளை மதியம் அழித்தது அவன்தான். கழிக்க வேண்டிய இரண்டு அளவுகளில் ஒன்று கூட்டலாகிவிடும். நாளை வாடிக்கையாளர் முன்னால் லிஃப்ட் ஏழாம் மாடியைத் தாண்டிப் போய் முட்டும். அவள் முகம் போகும் போக்கைப் பார்க்கலாம். அவளும் கவனிக்காமல் கம்பைல் செய்து சிப்பில் ஏற்றினாள். பிறகு, பதவி உயர்வுக்குத் தரைத்தளத்தில் கேக் வெட்ட அவனைப் போனில் கூப்பிட்டாள்.

"அண்ணே, நீங்க வராம நான் கத்தியத் தொட மாட்டேன்."

பாவி மனசு உருகித் தொலைத்தது. குறிகளைத் திரும்பப் போட்டு, கோப்பைச் சேமித்து, புண்ணியவானாகி லிஃப்டில் ஏறினான்.

மறுபடி கம்பைல் செய்ய மறந்தான். சிப்பில் பழைய தப்பு விடை.

ஐந்து. ஆறு. ஏழு.

ஏழுக்கு மேல் மொட்டை மாடி. லிஃப்ட் முட்டவில்லை. ஏறிக்கொண்டே இருந்தது. மழைச் சத்தம் நின்றது. எண்ணெய் வாடை போய் வெனிலா வாசம் வந்தது. பலகையில் எண் இல்லை.

கதவு திறந்தது.

அவன் ஆபீஸ்தான். அதே மேசைகள். ஆளில்லை. கோடியில் தலைவர் நாற்காலி மட்டும், முதுகைக் காட்டியபடி. பாவிக்கு அப்போதும் ஆசை. கால் தானாக நடந்தது. தொட்டான்.

சூடாக இருந்தது.

நாற்காலி திரும்பியது. உட்கார்ந்திருந்தது ராஜகுமார். அதே சட்டை. அதே மதியக் குழம்புக் கறை. சிரிப்பு மட்டும் வேறு, பொறாமையே இல்லாத சிரிப்பு.

எழுந்தது. அவனைத் தாண்டிப் போனது. லிஃப்டில் ஏறியது.

ஓடினான். கதவு மூடிவிட்டது. இந்தப் பக்கம் பொத்தான் இல்லை. சுவர்.

வெகு கீழே கைதட்டல். சஃபீனாவின் குரல்.

"வந்துட்டீங்களா அண்ணே?"

"வந்துட்டேம்மா," என்றது அவன் குரல்.

அவன் முதுகுக்குப் பின்னால், காலி நாற்காலி மெல்ல அவன் பக்கம் உருண்டு வந்தது.