ஒட்டவைத்த சிரிப்பு

மண்ணூர்பேட்டையில் இருந்த அந்த ஸ்டுடியோ, ஒரு காலத்தில் லேத் பட்டறையாக இருந்த ஷெட். சுவர் முழுக்கக் கறுப்புப் பஞ்சு ஒட்டி, ஏசி போட்டு, பளபளவென்று மாற்றியிருந்தார்கள். ஆனாலும் மழை நாளில் தரையிலிருந்து பழைய இயந்திர எண்ணெய் வாடை எழும். அன்றைக்கும் எழுந்தது. என் கணவர் ஹேமநாதன் போனபிறகு நான் அங்கே வருவது அதுவே முதல் தடவை.

என் பெயர் கஸ்தூரி. டப்பிங் ஆர்ட்டிஸ்ட். சீரியல்களில் நான் அழாத அழுகை கிடையாது. ஆனால் அவர் மாரடைப்பில் போனபோது ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. அதற்குப் பிறகு சிரிப்பும் வரவில்லை. பல் டாக்டர் ஊசி போட்ட கன்னம் மாதிரி ஆகிவிட்டது மனசு. நான்காவது படிக்கும் மகள் நிஷா ஏதாவது சொல்ல வந்தால் ‘உம்’ என்பேன். பாவம், அவளும் பேச்சைக் குறைத்துக்கொண்டாள்.

படம் ஓர் அனிமேஷன் மாயக்கதை. ஏரிக்கு அடியில் ஆளும் ஓர் அரசி, அவளுக்கு ஒரு குட்டி மகள். இப்படிப்பட்ட படத்தில் குரலை முதலில் பதிவு செய்வார்கள். அதைக் கேட்டுத்தான் முகத்தையே வரைவார்கள். அதனால் வேலை வருஷக்கணக்கில் இழுக்கும். அரசிக்குக் குரல் தேடியபோது பெரிய பெரிய ஆட்களெல்லாம் வந்து பேசிக் காட்டினார்கள். இயக்குநர் லாவண்யா என்னை எடுத்தது என் சிரிப்புக்காக. அரசி மகளோடு சிரிக்கும் காட்சியைப் போன வருஷமே பதிவு செய்துவிட்டோம். என்னைக் கூட்டிப்போக வந்த ஹேமநாதன், குரல் அறைக் கண்ணாடிக்கு வெளியே நின்று என் அரசி தோரணையை அப்படியே செய்து காட்டினார். அடக்க முடியாமல் நான் சிரித்த அந்தச் சிரிப்பைத்தான் படத்தில் வைத்தார்கள்.

அன்றைக்கு அரசி சாகும் காட்சி.

குரல் அறையில் விளக்கை அணைத்தார்கள். ஹெட்போனை மாட்டியதும் வெளிச்சத்தம் எல்லாம் நின்றது. மகள் பெயரைச் சொல்லிக்கொண்டே மூச்சைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தேன். பிறகு கடைசி மூச்சை விட்டேன். ஒரே டேக். சாவது எனக்கு அவ்வளவு சுலபமாக வந்தது.



கொஞ்சம் பொறுத்து, சவுண்டு இன்ஜினியர் கோகுல்நாத்தின் குரல் காதில் கேட்டது. அவன் மண்ணூர்பேட்டையிலேயே பிறந்து வளர்ந்தவன்.

“சூப்பரா கீதுக்கா. அப்டியே ஒரு தபா சிரிச்சுடு.”

இது எங்கள் தொழிலின் வழக்கம். சாவுக் காட்சியில் நடித்தவர் எழுந்து காமிராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். மைக்கில் செத்தவர் மைக்கில் சிரிக்க வேண்டும். கதையில்தான் செத்தது, ஆள் எழுந்தாயிற்று என்று அதற்குத் தெரிய வேண்டுமாம். அது எது என்று இதுவரை யாரும் எனக்குச் சொன்னதில்லை.

முயன்றேன். காற்றுதான் வந்தது.

“வரலை, கோகுல்.”

“இன்னாக்கா, பொய்யாவாச்சும் சிரி. சிரிக்காத போவாதே.”

மறுபடி முயன்றேன். உள்ளே ஒன்றும் இல்லை.

லாவண்யாவுக்குப் பொறுமை போய்விட்டது. “பரவாயில்லைங்க, விடுங்க. கோகுல், போன வருஷம் எடுத்த சிரிப்பு இருக்குல்ல? அதை வெட்டி இங்க ஒட்டிடுங்க. சும்மா சாங்கியம்தானே?”

கோகுல்நாத் தயங்கினான். பிறகு ஒட்டினான். ஹெட்போனில் என் பழைய சிரிப்பு ஓடியது, என் புருஷன் உயிரோடு இருந்தபோது சிரித்த சிரிப்பு. ஓடி முடிந்தது.

முடிந்தபின், அது மூச்சு வாங்கியது.

நீளமாக. தண்ணீருக்குள்ளிருந்து தலையைத் தூக்கியவர்கள் வாங்குவதுபோல.

என் வாய் மூடியிருந்தது. கண்ணாடிக்கு அப்பால் கோகுல்நாத்தும் ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டு என்னையே பார்த்தான். நான் பையை எடுத்துக்கொண்டு கொரட்டூர் வீட்டுக்கு வந்துவிட்டேன். தூக்க மாத்திரையைப் போட்டுக்கொண்டு படுத்தேன்.

மறுநாள் காலை நிஷா ஓடி வந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். மாதக்கணக்கில் என் பக்கம் வராத பெண்.

“நேத்து செம ஜாலிம்மா.”

“என்ன ஜாலி?”

“படுத்துக்கிட்டு நீ கதை சொன்னியே! எவ்ளோ சிரிச்சோம்!”

நான் கதை எதுவும் சொல்லவில்லை. பயப்பட வேண்டிய இடம்தான். எனக்குப் பயம்கூட வரவில்லை. கனவு கண்டிருப்பாள் என்று டிபன் பாக்ஸை மூடிக் கொடுத்தேன்.

அன்று சாயங்காலம் சீரியல் வேலை முடித்து வந்தேன். பள்ளி விட்டதும் நிஷாவை வைத்துக்கொள்வது பக்கத்து வீட்டு சுலோசனா அக்கா. அவர் கதவைத் திறந்து என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

“இன்னாம்மா, நீதானே அப்பவே வந்து கூட்டிகினு போனே? சிரிச்சிகினே வந்தியே. பாக்கவே மனசு நெறைஞ்சு போச்சு.”

எங்கள் வீட்டுக் கதவு திறந்திருந்தது. நிஷா கேசரி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். தலையில் இறுக்கமான இரட்டைப் பின்னல். நான் காலையில் அவளுக்கு ரப்பர் பேண்டு மட்டும்தான் போட்டு அனுப்பியிருந்தேன். சமையலறையில் அடுப்பு இன்னும் சுட்டது. நெய் வாசனைக்கு அடியில் வேறொரு வாடை.

இயந்திர எண்ணெய்.

“யாரு பின்னி விட்டாங்க?”

நிஷா கரண்டியைக் கீழே வைத்தாள். என் முகத்தை நெடுநேரம் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

“நீ எந்த அம்மா?”

அன்று ராத்திரி அவள் கையைப் பிடித்துக்கொண்டு விழித்தே கிடந்தேன். எதுவும் வரவில்லை. மறுநாள் அவளைப் பள்ளியில் விட்டுவிட்டு நேராக ஸ்டுடியோவுக்குப் போனேன். கோகுல்நாத் தனியாக உட்கார்ந்திருந்தான்.

“அந்தச் சிரிப்பை அழிச்சிடு கோகுல்.”

“அழிக்க இன்னாக்கா கீது?” என்று கிசுகிசுத்தான். “ஒட்டுன எடத்துலயும் அது இல்ல, பழைய சீன்லயும் இல்ல. அரசி வாயத் தொறக்குறா, சத்தம் வர்ல.”

“எங்க போச்சு?”

அவன் ஹெட்போனைக் கழற்றி வைத்தான். “செத்தவங்க எழுந்து வரத்தான்கா சிரிக்கச் சொல்றது. செத்தது நீ. சிரிச்சது அந்தப் பழைய சிரிப்பு. அதான் உனக்குப் பதிலா அது எழுந்துச்சு.”

“இப்ப நான் என்ன பண்ண?”

“உன் பொண்ணு எதிர்ல நெஜமா ஒரு தபா சிரிச்சுடு. எனக்கு வேற வழி தெரியல.”

பள்ளிக்குப் போனேன். ஏற்கெனவே அம்மா வந்து கூட்டிப் போய்விட்டதாக வாட்ச்மேன் சொன்னார். ஆட்டோவில் வீடு வரும்வரை உதட்டை இழுத்து இழுத்துப் பார்த்தேன். டிரைவர் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு வேகத்தைக் கூட்டினார். என் பெண்ணை எதற்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன் என்று எனக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

சாவியைத் திருப்பினேன். கதவு அசையவில்லை. உள்ளே தாழ்ப்பாள்.

உள்ளே என் குரல் ஏதோ சொன்னது. நிஷா விழுந்து விழுந்து சிரித்தாள்.

மணியை அடித்தேன். சிரிப்பு நின்றது. சின்னக் காலடிகள் கதவு வரை வந்தன. ஆள் பார்க்கக் கதவில் வைத்திருந்த கண்ணாடித் துளையில் தெரிந்த வெளிச்சம் மறைந்தது.

“நிஷா, அம்மாடா. கதவைத் திற.”

 கதவில் வாயை வைத்துச் சிரிக்க முயன்றேன். உயிரைக் கொடுத்து முயன்றேன். மைக்கில் விட்ட அந்தக் கடைசி மூச்சுதான் மறுபடியும் வந்தது.

கதவிடுக்கில் நிஷாவின் குரல் மெதுவாகக் கேட்டது.

“நீ போயிடும்மா. எனக்கு இந்த அம்மாவே போதும்.”

சமையலறைப் பக்கமிருந்து என் குரல் கேட்டது. “யாருடா செல்லம் அது?”

“யாரும் இல்லம்மா.”

காலடிகள் உள்ளே ஓடின. பிறகு இரண்டு பேரும் சேர்ந்து சிரிக்கத் தொடங்கினார்கள்.