கரையாத கையுறை

"கழட்டும்மா! வெட்டியாவது எடு!"

பதினான்காம் மாடிக் குளியலறையில் மண்டியிட்டு அலறினார் குடியிருப்புச் சங்கச் செயலாளர் சடகோபன். வலது கையில் நீலக் கண்ணாடித்தாள் போன்ற திறனுறை. மாட்டினால் போதும், அதில் பதிந்திருக்கும் பிளம்பரின் அசைவுகள் உங்கள் விரல்களை இழுத்துக்கொண்டு வேலை பார்க்கும். அடைப்பு நீங்கித் தண்ணீர் ஓடியதும் உறை கரைந்து குழாயோடு போய்விடும்.

தண்ணீர் ஓடவில்லை. உறை கரையவில்லை. இறுகியது. உள்ளே விரல்கள் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்திருந்தன.

"கத்தி இறங்காது சார்," என்றாள் அஞ்சுகம். அவர் போனில் அழுததால் வந்திருந்த பிளம்பர். "உள்ள ஓடுறது என் கைதான். எட்டு நாள் உட்கார வெச்சுப் பதிவு பண்ணாங்க. ஒன்பதாம் நாள் கேட்டுக்கு வெளியே தள்ளினீங்க."

"அதெல்லாம் இப்ப எதுக்கு? இது ஏன் கழல மாட்டேங்குது?"

"பாதியில கழட்டி இன்னொரு வேலைக்கு மாட்டிக்குவீங்களாம். அதான் கம்பெனிக்காரன் பூட்டு போட்டுட்டான்."

மறுமுறை உறையும் விற்பனைக்கு வந்ததுதான். பட்டையை இழுத்தால் கழன்றுவிடும். கழுவலாம், மாடிக்கு ஒன்று போதும். சங்கக் கூட்டத்தில் எழுந்து எதிர்த்தவர் சடகோபன். "எவனோ கக்கூஸ்ல விட்ட உறைக்குள்ள நான் கை விடணுமா?" கைதட்டல் பலமாக விழுந்தது. அன்று முதல் ஐம்பத்தாறு வீடுகளிலும் ஒருமுறை உறைதான்.

அஞ்சுகம் குழாய்க்குள் கம்பியை விட்டு இழுத்தாள். ரப்பர் மாதிரி நீண்டு வந்தது நீலக் கூழ். அதை அவர் மூக்கருகே நீட்டினாள்.

"கரைஞ்சிடும்னு சொன்னீங்களே, எங்க சார் கரைஞ்சுது? அத்தனை வீட்டு உறையும் உள்ள போய் மறுபடி கெட்டியாயிருக்கு. அடைப்பே இதுதான்!"

"நீயே எடுத்துடேன்!"

"எடுப்பேன். உறை ஒத்துக்காதே! அதை மாட்டின கைதான் முடிக்கணும். இங்கேர்ந்து எட்டுற வரைக்கும் எடுத்தாச்சு. மிச்சம் பதிமூணாவது மாடிக் குழாய்ல. எழுந்திரிங்க. அரை மணி தாண்டினா விரல் போயிடும்."

படியில் இறங்கும்போதே உறை இன்னொரு சுற்று இறுகியது. பதின்மூன்றாம் மாடி வீட்டு மணியை இடது கையால் அழுத்தினார். கதவு ஒரு சாண் திறந்தது. கூட்டத்தில் முதலில் கைதட்டிய பங்கஜவல்லி.

"உங்க பாத்ரூம்ல அஞ்சே நிமிஷம்மா..."

அவள் பார்வை அவர் முகத்துக்கு ஏறவே இல்லை. குழாய்க் கூழ் ஒட்டிச் சொட்டிக்கொண்டிருந்த கையிலேயே நின்றது.

"இந்தக் கையோடவா? பூஜை ரூமைத் தாண்டிப் போகணுமே சார். வெளியாள் யாரையாவது அனுப்பச் சொல்லுங்க."

கதவு சாத்திக்கொண்டது.

"நான் செயலாளர்! திறங்க!" உறை மாட்டிய கையாலேயே கதவை அறைந்தார் சடகோபன். பலகையில் நீலக் கூழ் வழிந்தது.

"திறக்க மாட்டாங்க சார்," என்றாள் அஞ்சுகம். "நான் தட்டாத கதவா?"

உள்ளே இரண்டாவது தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.