உப்பளத்தில் படித்த டயர்

"நாடு முழுக்க ஓடுத எல்லா வண்டியும் படிச்ச படிப்பு இதுக்குள்ள இருக்கு, யக்கா" என்று டயர்க் கடைக்காரன் சுயம்பு, கலப்பு டயரின் விலாவில் தட்டினான்.

ஜெபக்கனி குனிந்து நகத்தால் ரப்பரைக் கீறிப் பார்த்தாள். "படிச்சதெல்லாம் சரி. சேத்துல எறங்குமா?"

"எறங்குமாவா!"

உப்பளத்துக்குத் தண்ணீர் கொண்டுபோகும் அவள் பிக்கப்பில் இப்போது கிடப்பது தார் ரோட்டுக்கான டயர். போன வாரம் பெய்த கோடை மழையில் உப்பளத்து வரப்பில் அது வழுக்கி, தண்ணீர்த் தொட்டி கவிழ்ந்தது. கடைசிப் பாத்தியில் இருபத்திரண்டு பேர் ஒரு பகல் முழுக்கக் குடிக்கத் தண்ணீர் இல்லாமல் உப்பு வாரினார்கள். அவர்களில் ஒருவனான மாசானத்தின் பெண்டாட்டி மயங்கி விழுந்தாள். ஜெபக்கனியும் பதினாறு வருஷம் அதே பாத்தியில் நின்றவள்தான். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்வது எப்படி இருக்கும் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டாம்.

சேற்று டயர் போடலாம். அதன் பெரிய பற்கள் வரப்பையே பிய்த்துப் போட்டுவிடும். போன வருஷம் ஒருத்தன் அதைப் போட்டு ஓட்டி, ஓடைத் தண்ணீர் நாலு பாத்திக்குள் புகுந்தது. வரப்பு உடைந்தால் இனி நீ வர வேண்டாம் என்று அளத்துக்காரர் அவளிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

கலப்பு டயர் தாரில் பற்களை உள்ளிழுத்துக்கொள்ளும், சேற்றில் வெளியே நீட்டும். உள்ளே இருக்கும் அதிர்வுணரி தரையின் நடுக்கத்தை அளக்கும். ஒவ்வொரு டயரும் ஓட்டுகிறவர் பழக்கத்தோடு சேர்த்துத் தான் கற்றதைக் கம்பெனியின் பொதுவான தடநினைவகத்துக்கு அனுப்ப, மறுநாள் விடியலில் அது எல்லா டயருக்கும் பாடமாகத் திரும்பி வரும்.

"சரி, நாலையும் மாட்டு" என்றாள்.

மறுநாள் காலை வரப்பின் முனையில் நாலு சக்கரமும் ஒன்றாக இறுகி நின்றன. முகப்புத் திரையில் எழுத்து ஓடியது: "தடம் இல்லை. திரும்பவும்."

மாசானம் இடுப்பில் கைவைத்து வண்டியைச் சுற்றி வந்தான். "என்ன கனி, புது மாப்பிள்ளைக்குக் கால்ல சேறு ஒட்டக் கூடாதாமா?"

"சிரிக்காதண்ணே. கொடத்த எடுத்துட்டு வரச் சொல்லு."

அன்றைக்கு எல்லோரும் ஒன்றரை மைல் தலையில் சுமந்தார்கள். ஜெபக்கனி போனில் சுயம்புவை வாங்கு வாங்கென்று வாங்கினாள்.

"என்னல படிச்சிருக்கு உன் டயரு?"

"யக்கா, உள்ளதச் சொல்லுதேன். இத வாங்குதவன்ல பாதிக்கு மேல தார் ரோட்ட விட்டு எறங்கினதே கிடையாது. பாக்க முரட்டா இருக்குன்னு வாங்குதான். அதனால அதுக்குத் தெரிஞ்ச காடு மேடெல்லாம் வேகத்தடையும் வணிக வளாகத்து ஏத்தமும்தான்."

"நல்லாருக்கு. இதுக்குச் சேத்த யாரு காட்டுவா?"

"கற்கும் நிலைன்னு ஒன்னு இருக்கு. அதுல போட்டா மறுக்காது. ஆனா வரப்பு போச்சுன்னா கம்பெனி பொறுப்பில்ல."

வண்டியை இறக்கி வரப்பு உடைந்தால் பிழைப்பு போகும். இறக்காவிட்டால் நாளைக்கும் இருபத்திரண்டு பேர் தலைச்சுமை. ஜெபக்கனி யோசித்துக்கொண்டே பாத்தியைப் பார்த்தாள். மழையில் இளகிய களிமண்ணை மாசானமும் மற்றவர்களும் மிதித்துக் கெட்டிப்படுத்திக் கொண்டிருந்தார்கள். வரிசையாகத் தோளோடு தோள். ஒரு கால் அழுத்தும், நிற்கும், மண் பிடித்த பிறகுதான் அடுத்த கால் எழும்பும். அவசரப்பட்டவன் முழங்கால் வரை போவான்.

"அண்ணே, இந்த வரப்பையும் இப்படி மிதிச்சுக்கிட்டே முன்னால போறீங்களா? நான் பின்னாலயே வாரேன்."

"வண்டிக்கு நடை பழக்கப் போறியா?"

"ஆமா. இத்தன வெலை குடுத்து வாங்கிருக்கேன், ஒங்களக் கண்டு படிக்கட்டும்."

எட்டுப் பேர் வெறுங்காலோடு முன்னே மிதித்துப் போனார்கள். அந்த நடுக்கம் மண் வழியாக டயருக்கு ஏறியது. முதல் நாள் வண்டி நாலு முறை சரியப் பார்த்தது. ஜெபக்கனியின் கால் பிரேக்கை விட்டு நகரவில்லை. முன்னால் போவது மனிதர்களாயிற்றே, காலடி நெருங்கும்போதெல்லாம் அழுத்தினாள். மூன்றாம் நாள் டயர் அந்த நடையைப் பிடித்துக்கொண்டது. அழுத்தும், நிற்கும், உருளும். பத்தாம் நாள் முன்னால் யாருமே இல்லாமல், முழுத் தொட்டியோடு கடைசிப் பாத்தி வரை போனது. வரப்பில் ஒரு கீறல் இல்லை.

மாசானம் சொம்பு நிறைய மொண்டு குடித்துவிட்டு, மிச்சத்தை டயர் மேல் ஊற்றினான். "மாப்பிள்ள தேறிட்டான்."

கார்த்திகை மழையில் தலைநகரம் மிதந்தது. வெள்ளம் வடிந்த சேற்றுத் தெருக்களில், தாரை விட்டு இறங்கியறியாத வண்டிகள் எல்லாம் அழுத்தி, நின்று, உருண்டு வெளியே வந்தன. பிரசவ வலியோடு கிடந்தவர்களும் நோயாளிகளும் அவற்றில் கரை சேர்ந்தார்கள். கம்பெனி, தன் பொறியாளர்களின் சாதனை என்று விளம்பரம் கொடுத்தது.

மழை விட்டதும் புகார்கள் வந்தன. நன்றாகக் காய்ந்த தார் ரோட்டில் வண்டிகள் தாமாக வேகம் குறைத்து ஊர்ந்தன. கட்டடம் எழும்பும் இடம், ரோடு போடும் இடம், குப்பை அள்ளும் இடம். வெறுங்கால் மிதிக்கும் தரை எங்கெல்லாம் உண்டோ அங்கெல்லாம்.

டயர்களை இடம் மாற்றிப் போட ஜெபக்கனி கடைக்கு வந்திருந்த அன்று சுயம்பு தலையைச் சொறிந்தான். "நம்ம வண்டிலேருந்துதான் இந்தப் பாடம் போயிருக்குன்னு கம்பெனி கண்டுபிடிச்சுட்டான், யக்கா. ஆளு பக்கத்துல ஊருத பாடத்த மட்டும் அழிச்சுப் பாத்திருக்கான். வண்டி சேத்துல முங்குதாம். ரெண்டும் ஒரே பாடமாம், பிரிக்க முடியலையாம்."

"பிரிக்க வராது. மிதிக்கிற காலப் பாத்துத்தான அது நடக்கவே படிச்சுது. புகார்ல என்ன எழுதுதான்?"

"நானூத்திப் பதினோரு புகார், எல்லாத்தையும் நம்ம கடைக்கே தள்ளிவிட்டிருக்கான். ஒருத்தன் எழுதிருக்கான், 'மூணு வருஷமா இந்த வழியில் போகிறேன். இங்கே ஆள் வேலை செய்வதே தெரியாது. இப்போது தினமும் வண்டி அவர்கள் பக்கத்தில் ஊர்கிறது. சரிசெய்து கொடுங்கள்.'"

"ஊருற எடத்துல கண்ணாடிய எறக்கிக் கேக்கச் சொல்லு, குடிக்கத் தண்ணி இருக்கான்னு."

சுயம்பு விளையாட்டாக அதையே எல்லோருக்கும் பதிலாக அனுப்பிவிட்டான். நானூற்றுப் பத்துப் பேர் இன்னும் டயரைச் சரிசெய்யச் சொல்லித்தான் கத்திக்கொண்டிருக்கிறார்கள். அந்த ஒருவரிடமிருந்து மட்டும் மறுவாரம் இரண்டு வரி வந்தது. "பழுது பார்க்க வேண்டாம். ஆறு பேருக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் கொண்டுபோக வேண்டும்?"

சுயம்பு போனில் அதை வாசித்துக் காட்டியபோது ஜெபக்கனி வரப்பின் மேல் போய்க்கொண்டிருந்தாள். தொட்டியில் தண்ணீர் அலம்பும் சத்தம் கேட்டது.

"இப்பம்னா ரெண்டு கொடம் போதும்னு எழுது" என்றாள். "சித்திரை வெயிலுக்கு நாலாக்கணும்னும் சேத்து எழுது."