பதினான்காம் விளக்கடியில் பச்சை

தியோடோரா லுஹானின் வண்டிவீட்டுக் கதவை அன்று காலை குகை வழிகாட்டி ஒஃபேலியா தட்டவில்லை, இடித்தாள். உள்ளே குக்கோ, முட்டையும் பீன்ஸும் வைத்துச் சுருட்டிய ரொட்டியை வாய் நிறைய அடைத்துக்கொண்டு, வழக்கம்போல ஊர்வம்பு அளந்துகொண்டிருந்தான்.

தியோடோரா முப்பது வருடம் மாவட்டக் காவல்துறையில் துப்பறிந்து ஓய்வு பெற்றவள். இப்போது சான் ஹசிந்தோ குகைப் பூங்காவின் முகாமில் குடியிருந்துகொண்டு, வந்து தங்குகிறவர்களுக்கு இடம் காட்டிக்கொண்டிருந்தாள். குக்கோ பேருந்து ஓட்டி ஓய்ந்தவன். குகைக்குள் வேலை செய்கிறவர்களுக்குத் தலைவிளக்கும் பேட்டரியும் எடுத்துக் கொடுப்பது அவன் பொறுப்பு. தியோடோராவின் உதவியாளன் என்று அவனே தன்னை நியமித்துக்கொண்டான். அவள் மறுக்கவில்லை, அவ்வளவுதான்.

"இந்த நூல் பொறுக்குற ஆளுங்க பேட்டரியை உறிஞ்சித் துப்பிடுறாங்க, டோன்யா" என்று, மூத்தவர்களுக்கான மரியாதைச் சொல்லோடு தியோடோராவிடம் சொல்லிக்கொண்டிருந்தான். சுற்றுலா வருகிறவர்களின் துணியிலிருந்து உதிரும் நூலையும் முடியையும், காலை ஆறு மணிக்கே போய் இடுக்கியால் பொறுக்கி எடுக்கும் தொண்டர்களைத்தான் சொன்னான். "அந்த சோரன்சன் புருஷன் பொண்டாட்டி தினம் செத்த பேட்டரியோட வர்றாங்க. நம்ம எலிசேயோ ஒருத்தன்தான் சிக்கனம். குடுத்தது குடுத்தபடி திரும்பி வருது. பூனைக்கண்ணுடா உனக்குன்னேன்."

அப்போதுதான் கதவு இடிபட்டது.

ஒஃபேலியா உள்ளே வந்ததும் தொப்பியைக் கழற்றி மேசையில் எறிந்தாள். "டோன்யா, எனக்கு வேலை போகப் போகுது. நாளைக்குச் சாயங்காலத்தோட சரியாம்."

"உக்காரு முதல்ல. காப்பி குடி. யாரு சொன்னா?"

"மேலாளர் ஹால்வர்சன். பெரிய கூடத்துல பதினாலாம் விளக்குக்கிட்ட வெள்ளைத்தூண் இருக்குல்ல, அது பச்சை புடிச்சிருச்சு. பாசி! பத்தாயிரம் வருஷமா வளர்ற தூணு டோன்யா!"

"வெளிச்சம் பட்டாப் பாசி வரும்" என்றான் குக்கோ, ஏதோ தானே கண்டுபிடித்ததைப் போல.

"பட்டா வராது, மணிக்கணக்குல பட்டாத்தான் வரும். நாங்க கைப்பிடிக் கம்பியில இருக்குற பொத்தானை அமுக்கி ஒவ்வொரு விளக்கா ஏத்துவோம். நாலு நிமிஷம், அணைச்சிடுவோம். பன்னெண்டு வருஷமா அப்படித்தான், ஒரு பச்சையும் வந்ததில்ல. கடைசிச் சுற்று என்னோடதுங்கிறதால, நான்தான் அணைக்காம வந்துடுறேனாம். ராத்திரி பூரா எரியுதாம்." அவள் குரல் உடைந்தது. "இந்த வேலைக்கு ஏழு வருஷம் சீட்டு குடுக்குற கூண்டுல உக்காந்து காத்துக் கிடந்தேன். உள்ள போறதுக்கு. அந்தக் கதவு தெறந்து ஈரக்காத்து மூஞ்சியில அடிக்கும் பாருங்க, அதுக்கு."

தியோடோரா காப்பியை மெதுவாகக் குடித்து முடித்தாள். "பச்சை எப்ப வந்துச்சு?"

"அக்டோபர்ல வௌவால் எல்லாம் போன பிறகு கூடத்தைத் தெறந்தோம். அப்ப இல்ல. கிறிஸ்துமஸுக்கு லேசா. இப்ப கையகலம்."

"நான் பாக்கணும்" என்று எழுந்தாள்.

முதல் இரும்புக்கதவு சாத்தி, உடையில் ஒட்டிய தூசை அடக்கும் பனித்தூவல் மூன்று பேரையும் நனைத்த பிறகுதான் இரண்டாவது கதவு திறந்தது. வெளியே பிப்ரவரிப் பாலைவனம் தொண்டையை வறட்டிக்கொண்டிருக்க, உள்ளே எங்கோ சொட்டும் நீரின் சத்தம். பெரிய கூடத்தில் ஒஃபேலியா பதினான்காம் பொத்தானை அமுக்கினாள். வெள்ளைத்தூண் பளிச்சென்று எழுந்தது. அதன் தோள்பட்டை போன்ற இடத்தில், விளக்குப் பக்கமாக, அசிங்கமான பச்சைத் திட்டு. எந்தப் பாவி இதைச் செய்தானோ, அவனைத் தானே பிடித்து நிறுத்தவேண்டும் என்று குக்கோ கருவிக்கொண்டான்.

தியோடோரா பதிமூன்றாம் விளக்கைப் பார்த்தாள், பதினைந்தைப் பார்த்தாள். இரண்டிடத்திலும் பாறை சுத்தம். பிறகு, அறுபத்தாறு வயதில், ஈரப் பாதையின் விளிம்பில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பார்த்தது தூணை அல்ல, அதற்குப் பின்னால் இருந்த வெறும் சுவரை.

"தூணு இந்தப் பக்கம் டோன்யா" என்றான் குக்கோ.

நாலு நிமிடமும் முடிந்து அவள் எழுந்தபோது கால்சட்டையின் பின்புறமெல்லாம் சேறு. குக்கோவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "போச்சு! நீங்களும் எலிசேயோ மாதிரி ஆயிட்டீங்க. மத்தவங்க மண்டி போட்டுப் பொறுக்கி முழங்கால்ல சேத்தோட வருவாங்க. அவனுக்கு மட்டும் உக்கார்ற எடத்துல. சறுக்கு மரம் விளையாடுறியாடான்னு..."

"எலிசேயோ மாதிரியா?" என்றாள் தியோடோரா.

குக்கோவின் சிரிப்பு பாதியில் நின்றது. செலவாகாத பேட்டரி நினைவுக்கு வந்தது. எலிசேயோ அவனுடைய மகளுக்கு ஞானத்தந்தை, அவனுக்குக் கொம்பாத்ரே.

மறுநாள் காலை பத்து மணிக்குக் கருவி அறையில் எல்லோரும் கூடினார்கள். கையைக் கட்டிக்கொண்டு ஹால்வர்சன். மின்வேலை பார்க்கும் டுவெய்ன், தன்னைத்தான் மாட்டிவிடப் போகிறார்கள் என்ற முகத்தோடு. ஒஃபேலியா. அப்போதுதான் குகையிலிருந்து வந்த எலிசேயோ, கையில் இடுக்கியோடு கதவோரம் நின்றான். எதற்குக் கூட்டம் என்று அவனுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. குக்கோ அவனைப் பார்க்காமல் பேட்டரிப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"டுவெய்ன், உன் மின்பலகையிலேர்ந்து விளக்கைப் போட்டா எத்தனை எரியும்?" என்று ஆரம்பித்தாள் தியோடோரா.

"வரிசையே எரியும்மா. தனியாப் போட முடியாது."

"அப்ப பதிமூணும் பதினஞ்சும் பச்சையாகியிருக்கணும். ஆகல. அதனால யாரோ கூடத்துக்குள்ள நின்னு, அந்த ஒரு பொத்தானை அமுக்கியிருக்காங்க."

"அதைத்தான் நானும் சொல்றேன்" என்றார் ஹால்வர்சன். "இந்தப் பொண்ணு அமுக்கிட்டு மறந்துட்டா."

"மறந்திருந்தா விடியக்காலையில விளக்கு எரிஞ்சுக்கிட்டிருக்கும். ஆறு மணிக்கு உள்ள போறவங்க பாத்திருப்பாங்க. நாலு மாசமா ஒருத்தர்கூட சொல்லல. ஏன்னா எரியல. பகல்ல அரை மணிக்கொரு சுற்று போகுது, அப்பவும் எரிஞ்சிருந்தா அடுத்த வழிகாட்டி பாத்திருப்பா. ஆறிலேர்ந்து ஒம்பது வரைக்கும்தான் மிச்சம், நூல் பொறுக்குற நேரம். சோரன்சன் தம்பதி பத்தாம் விளக்கோட திரும்பிடுவாங்க, அவங்க பேட்டரியும் தீர்ந்துதான் வருது. பெரிய கூடத்துல வேலை செய்யறவருக்கு மட்டும் தலைவிளக்கு தேவைப்படல. மண்டி போடாம, சேத்துல உக்காந்திருக்கார். அங்க உக்காந்தா என்ன தெரியும்னு நானும் உக்காந்து பாத்தேன்."

"நான்தான்" என்றான் எலிசேயோ.

அவன் ஒஃபேலியாவைப் பார்த்தான். "உன் வேலைக்கு வேட்டு வச்சிட்டேனாம்மா? சத்தியமா எனக்குத் தெரியாது."

"நாலு மாசம்!" என்று கத்தினாள் அவள். "அந்தத் தூணை நாங்க எச்சில் படாம பாத்துக்குறோம். உங்களுக்கு என்ன வந்துச்சு?"

"இடுக்கி கீழ விழுந்துருச்சு. தேடுறதுக்கு வெளக்கைப் போட்டேன். திரும்பினா, தூணோட நிழல் சுவத்துல விழுந்திருந்துச்சு. அம்பாரோ."

அம்பாரோ அவன் மனைவி. செப்டம்பரில் போய்ச் சேர்ந்தவள்.

"போட்டோ இருக்குமே கொம்பாத்ரே, வீடு நிறைய..." என்றான் குக்கோ, தாங்கமாட்டாமல்.

"இருக்கு. எல்லாத்துலயும் கேமராவைப் பாத்து சிரிக்கிறா. எனக்கு அவளை அப்படிப் பழக்கமில்லையே. முப்பத்தோரு வருஷம், காலையில காப்பிய வச்சுக்கிட்டு அவ முதுகைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன். குனிஞ்சு மாவு பிசைவா. கொண்டை ஒரு பக்கமா சாஞ்சிருக்கும். திரும்பவே மாட்டா. நான் பின்னாடி உக்காந்திருக்கேன்னு அவளுக்குத் தெரியும், அவ்வளவுதான். அந்தச் சுவத்துல அப்படியே இருக்கா, குக்கோ. ஒண்ணும் பேசமாட்டேன். சும்மா உக்காந்திருப்பேன்."

ஹால்வர்சன் கட்டியிருந்த கையை அவிழ்த்தார்.

"அந்தக் கொண்டை நிழல், தூணோட தோள்ல இருக்குற புடைப்பால விழுது" என்றாள் தியோடோரா, குரலை உயர்த்தாமல். "பச்சை முதல்ல ஏறினது அங்கதான். விட்டா கல்லை அரிச்சிடும், எலிசேயோ."

"பாத்தேன். நாளையிலேர்ந்து வேணாம்னு தினமும் சொல்லிக்குவேன்." இடுக்கியை மேசைமேல் வைத்தான். "விடிஞ்சா கால் தானா அங்க போகுது."

ஒஃபேலியாவிடம் ஹால்வர்சன் எல்லோர் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்டார், அதைச் சொல்லியாக வேண்டும். ஆனால் எலிசேயோவை இனித் தொண்டனாக உள்ளே விட முடியாது என்றும் சொன்னார். எலிசேயோவே தலையாட்டினான். தூணுக்கு மருந்தடித்துக் கழுவ மூன்று வாரம் ஆகும் என்றார்கள்.

அவன் வாசலைத் தாண்டியபோது ஒஃபேலியாவின் கோபம் இன்னும் தணியவில்லை. அந்தக் கோபத்தோடேயே கூப்பிட்டாள். "டோன் எலிசேயோ! நாலு மணிச் சுற்று என்னோடது. எல்லாரையும் மாதிரி சீட்டு வாங்கிட்டு வாங்க. முன்னாடி நில்லுங்க."

ஒரு மாதம் அவன் வரவில்லை. மார்ச் கடைசியில் ஒருநாள், சலவைச் சட்டையோடு சீட்டு வாங்கிக்கொண்டு வந்தான். அன்று வரிசையின் கடைசியில் நடந்து ஆட்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையைக் குக்கோ கேட்டு வாங்கிக்கொண்டான். பதினைந்து பேர் கூட்டம். பெரிய கூடத்தில் ஒஃபேலியா பொத்தானை அமுக்கினாள். தூண் பழையபடி வெள்ளையாக இருந்தது. எல்லோரும் அதைப் பார்த்து வாயைப் பிளந்தார்கள். ஒரே ஒருவன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

முதல் தடவையாகக் குக்கோவும் பார்த்தான். அம்பாரோவேதான். அந்தக் கொண்டையைச் சாய்த்து முடிவாளே, அப்படியே.

நாலு நிமிடம் ஆயிற்று. ஒஃபேலியாவின் விரல் பொத்தான்மேல் இருந்தது. தூண் எப்படி வளர்ந்தது என்று சொல்லி முடித்ததையே மறுபடியும் சொல்ல ஆரம்பித்தாள். ஐந்தாவது நிமிடமும் போனது. அவளால் அமுக்க முடியவில்லை.

"அணைச்சிரும்மா" என்றான் எலிசேயோ, சுவரிலிருந்து கண்ணை எடுக்காமல். "அவளுக்கு ஆகாது."

அவள் அணைத்தாள். கூட்டம் பதினைந்தாம் விளக்கை நோக்கி நகர்ந்தது. எலிசேயோவும் அவர்களோடு நடந்தான்.