மூத்தவள் நிரப்பிய படிவம்

அலுவலகம் ஒரு பழைய கட்டடத்தின் நான்காம் மாடியில் இருந்தது. மின்தூக்கி மூன்றாம் மாடியோடு நின்றுவிடும். மீதியை நடந்துதான் ஏற வேண்டும். வேலையில் சேர்ந்த அன்று மூச்சு வாங்க ஏறி வந்தவளுக்குச் சுவரோரத்து இருக்கையைக் காட்டினார்கள். தலைவலித் தைலத்தின் நெடி அந்த நாற்காலியின் துணியில் ஊறிப்போயிருந்தது.

"மூத்தவளோட இடம்," என்றார் பக்கத்து மேசைக்காரர். வலைத்தளத்தின் படிவங்களை உருவாக்குபவர் அவர். "தலை வலிக்குதுன்னு ஒரு நாள் சீக்கிரமா வீட்டுக்குப் போனா. அவ்வளவுதான், காலையில சேதி வந்துச்சு. இனிமே நீதான் இளையவ."

ஒரே வீட்டுக்கு வாழ்க்கைப்பட்ட சக்களத்திகளைப் போல அலுவலகம் அவர்களை அப்படித்தான் அழைத்தது. வேடிக்கைக்கு வைத்த பெயர். முதல் வாரம் அவளும் சிரித்தாள்.

வேலை எளிமையானதே. விடுதி அறைகளைப் பதிவு செய்யும் வலைத்தளத்தை, வாடிக்கையாளர் கண்ணில் படுமுன் சோதித்துவிட வேண்டும். மனிதர் கையால் செய்வதை ஸ்கிரிப்ட் எனப்படும் நிரல் செய்யும்: படிவத்தைத் திறக்கும், பெயரை எழுதும், பட்டியலில் ஆள் எண்ணிக்கையைத் தேர்ந்தெடுக்கும், கட்டத்தில் டிக் இடும், அனுப்பும். எல்லாம் சரியென்றால் திரையில் பச்சை; தவறென்றால் சிவப்பு.

"அவ எழுதின ஸ்கிரிப்ட் ஒரு தடவகூட சிவப்பு காட்டினதில்ல," என்பார் மேலாளர் அம்மா, இளையவள் எதைக் கொண்டுபோய்க் காட்டினாலும்.

உயிரோடு இருப்பவளை வென்றுவிடலாம். இறந்தவள் இனித் தவறே செய்யப்போவதில்லை. அவளை எப்படி வெல்வது? நிரந்தரப் பணிக்கான தேர்வு நெருங்கியபோது, இளையவள் தன் நிரல்களை எழுதி முடித்தாள். மூத்தவளுடையவற்றை அடியோடு அழித்தாள். காப்புப் பிரதிகளையும் விட்டுவைக்கவில்லை.

அழித்ததை மேலாளர் அம்மாவிடம் அவளே போய்ச் சொன்னாள். "சரி. சாயங்காலத்துக்குள்ள உன்னோடது பச்சை காட்டணும். காட்டலேன்னா நான் வேற ஆளைப் பாத்துக்கறேன்," என்றார்.

நண்பகலில் ஓட்டினாள். சிவப்பு.

'உடன் ஒருவர் வருகிறார்' என்ற கட்டம் டிக் இன்றி இருந்தது. டிக் இட்டுவிட்டதாகவே நிரல் சொன்னது.

"ஏற்கெனவே டிக் இருக்கான்னு பாக்காம கிளிக் பண்ணியிருப்ப," என்றார் படிவக்காரர், சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டே. "இருக்கிறதத் தொட்டா போயிடும்ல. மூத்தவ பாத்துட்டுத்தான் தொடுவா."

"புதுசாத் திறந்த படிவத்துல டிக் எங்கேர்ந்து வரும், அண்ணா?"

"அதையும் அவகிட்டயே கேளு."

எல்லோரும் சாப்பிட இறங்கிப் போனார்கள். காலடி ஓசைகள் படிகளில் தேய்ந்து அடங்கின. அவள் நிரலின் வேகத்தைக் குறைத்து மறுபடி ஓட்டினாள். படிவம் திறந்தது. கட்டம் காலியாக இருந்தது. கட்டத்தைத் தொடச் சொல்லும் அவளுடைய வரி ஓட இன்னும் நேரம் இருந்தது.

டிக் விழுந்தது.

நிரல் வந்து தொட்டது. டிக் மறைந்தது.

மீண்டும் ஓட்டினாள். நிரல் தானே படிவத்தில் எழுதும்போது விசைப்பலகையில் ஓசை எழுவதில்லை. இப்போது எழுந்தது. ஒரு விசை. சிறு இடைவெளி. அடுத்த விசை.

அவள் கைகள் மடியில் இருந்தன.

தைலம், இப்போதுதான் தடவியதுபோல், மணத்தது.

எழுந்து ஓடியிருக்க வேண்டும். ஆனால் எழுத்துகள் ஒவ்வொன்றாகப் பிசகின்றி வந்து அமர்ந்த நேர்த்தியைக் கண்டதும், அச்சத்தை முந்திக்கொண்டு அவளுக்கு வயிறு எரிந்தது.

"இது என் வேலை," என்று கிசுகிசுத்தாள். "நீதான் போயிட்டியே."

விசைகள் நின்றன.

பிறகு நிரலில் அவள் எழுதிய கடைசி வரி, பின்னிருந்து முன்னாக, அழியத் தொடங்கியது. அவள் மூத்தவளை அழித்ததுபோல் ஒரே வீச்சில் அல்ல; எழுத்தெழுத்தாக. அதற்கு முந்தைய வரி. அதற்கும் முந்தையது. கோப்பில் ஒரு புள்ளிகூட மிஞ்சவில்லை.

வெற்றுக் கோப்பு ஓடியது. படிவம் தானே நிரம்பியது.

பச்சை.

"இதான்," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். மேலாளர் அம்மா கையைத் துடைத்தபடி நின்றிருந்தார். அவர் பார்வை திரையில் இருந்தது. "அவ கையப் பாக்கிற மாதிரியே இருக்கு. அவளோடது எதையாவது எடுத்து வெச்சிருந்தியா?"

"இல்ல மேடம். எல்லாமே நான் எழுதினதுதான்."

யாரோ கை ஊன்றியதுபோல, நாற்காலியின் முதுகு மெல்லப் பின்னுக்குச் சாய்ந்தது.

"சரி. பணியில சேர்ற படிவத்த உன் போனுக்கு அனுப்பறேன். இன்னைக்கே நிரப்பி அனுப்பிடு. விட்டா இந்த இடம் கையவிட்டுப் போயிடும்."

அந்த அறையில் அமர்ந்து அதை நிரப்ப அவளுக்கு மனமில்லை. தெருவுக்கு இறங்கினாள். வெயிலும் வண்டிகளின் இரைச்சலும் ஆறுதலாக இருந்தன. கடையொன்றின் நிழலில் நின்று படிவத்தைத் திறந்தாள்.

எல்லாக் கட்டங்களும் நிரம்பியிருந்தன. பிறந்த நாள், தாயின் பெயர், சிறுவயதில் வந்து யாரிடமும் சொல்லாத வலிப்பு நோய். எதிலும் பிழையில்லை. அடியில் ஒரே ஒரு கட்டம் மட்டும் காலியாக விடப்பட்டிருந்தது.

'மேற்கண்ட அனைத்தையும் நானே எழுதினேன்.'

தொட்டாள். டிக் விழுந்தது. விரலை எடுத்தாள்.

டிக் மறைந்தது.

மீண்டும் தொட்டாள். மீண்டும் மறைந்தது. 'அனுப்பு' என்ற பொத்தான் சாம்பல் நிறத்திலேயே கிடந்தது. மூன்றாம் முறை அவள் விரல் திரையைச் சேருமுன்பே, படிவத்தின் மேல் ஒரு வரி தோன்றியது.

'இப்படிவத்தை வேறொருவர் நிரப்பிக்கொண்டிருக்கிறார். காத்திருக்கவும்.'