போயிட்டு

பாலு மாமாவின் வாய் 'போயிட்டு' என்பதோடு மூடிக்கொண்டது. ஜெய்ராம் மறுபடி ஓடவிட்டுப் பார்த்தான். அவன் வெட்டியது எடிட்டிங்கில்தான். காமிராவில் எடுத்த அசல் வீடியோவில் கையே வைக்கவில்லை. அதிலும் 'வரேன்' இல்லை.

மைத்துனி ஹம்சினியின் கல்யாண வீடியோ அது. கடைசியில் உறவுக்காரர்கள் மண்டப வாசலில் ஒவ்வொருவராக நின்று 'போயிட்டு வரேன்' என்று கும்பிடுவார்கள். ஒரு காட்சியிலிருந்து அடுத்ததற்கு மாற, சாஃப்ட்வேரில் தயாராகக் கிடக்கும் டிரான்சிஷன்களெல்லாம் ஜெய்ராமுக்கு இளப்பம். ஆள் பாதத்திலிருந்து பொடிப்பொடியாக உதிர்ந்து, அந்தப் பொடியே அடுத்த ஆளாக எழும்படி, இரண்டு நாள் மெனக்கெட்டு அவனே ஒன்று செய்தான். அதற்கு இடம் போதவில்லை என்று எல்லோருடைய 'வரேன்'களையும் கத்தரித்துவிட்டான். வங்காளிகூடக் கிளம்பும்போது 'போறேன்' என்று சொல்ல மாட்டான். வங்காளத்திலேயே பிறந்து வளர்ந்தவனுக்கு அது தெரியாமல் இல்லை; அழகுதான் பெரிதாகப் பட்டது.

பாலிகஞ்ச் ஃப்ளாட்டின் ஜன்னல் திரையில் பகல் இரண்டு மணி வெயில் காய்ந்துகொண்டிருக்க, கீழ்வீட்டில் கடுகெண்ணெயில் மீன் பொரியும் நெடிக்கும் லோக்கல் ரயிலின் அதிர்வுக்கும் அடியில், யாரோ மணல் சலிப்பது போல ஒரு சரசரப்பு கேட்டது. ஹெட்ஃபோனைக் கழற்றினான். சரசரப்பு நிற்கவில்லை.

பிறந்த வீட்டுக்குப் போயிருந்த மனைவி மீனாக்ஷி போனில் அழைத்தாள். "பாலு மாமா பாத்ரூம் போனவர் வரவேயில்லை. கதவை உடைச்சுப் பார்த்தா வேஷ்டி மட்டும் கிடக்கறது. கேக்கறேளா?"

அவன் திரையில் அடுத்த ஆளைப் பார்த்தான். "வித்யா சித்தி எங்க?"

"இதோ, பக்கத்துலதான். செருப்பு மாட்டிண்டு..."

அப்புறம் அலறல். போன் கட்டாகிவிட்டது.

வீடியோவில் மாமாவுக்கு அடுத்து சித்தி. சித்திக்கு அடுத்து, பட்டுப்பாவாடையில், ப்ரியா. அவன் மகள். ஏழு வயது.

எஃபெக்டை அழித்தான். கத்தரித்த 'வரேன்' திரும்ப வரட்டும் என்று வெட்டிய நுனியை இழுத்து நீட்டினான். சத்தமில்லை. அசலைத் திறந்தான். ப்ரியாவின் உதடுகள் மூடியிருந்தன.

அழைப்பு மணி. ஸ்கூல் பஸ் வந்துவிட்டிருந்தது.

ஓடிப்போய்க் கதவைத் திறந்தான். ப்ரியா நின்றாள், முழுசாக. மண்டியிட்டு அவளைக் கட்டிக்கொண்டான். "போயிட்டு வரேன்னு சொல்லுடா கண்ணா. ஒரே ஒரு தடவை."

"போயிட்டு..."

உதடு ஒட்டிக்கொண்டது. திரும்ப முயன்றாள். வரவில்லை. அப்பா விளையாடுகிறார் என்று நினைத்துச் சிரித்தாள்.

"அப்பா, காலெல்லாம் கூசறது."

குனிந்தான். ஷூக்கள் காலி. முழங்கால் இல்லை. இடுப்பை இரு கையாலும் இறுக்கிப் பிடித்தான். பிடித்த இடம் விரலிடுக்கில் வழிந்தது.

கூச்சம் தாங்காமல் ப்ரியா இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள்.