ஆயுதம் இல்லாத யோவான்

ஆண்டு விழாவுக்கு ஒரு நாள்தான் இருந்தது. திருச்சியில் ஒரு பள்ளியின் ஆறாம் வகுப்பில், சாவைப் பங்கு பிரிப்பதில் ஒரே ரகளை.

இயேசுவின் சீடர்கள் அவருக்குப் பிறகு எங்கே போனார்கள், எப்படி இறந்தார்கள் என்று காட்டும் நாடகம் அது. தேவாலயத்துப் படங்களில் இருப்பதுபோல, எதனால் கொல்லப்பட்டார்களோ அதையே கையில் பிடித்து நிற்க வேண்டும். அட்டை ஆயுதங்களைக் கொடுக்கும் வேலையை, நாடகம் போடும் ஜோஸ் சார் அனுசுயாவிடம் விட்டிருந்தார். ஸ்ரீரங்கத்துப் பாத்திரக்கடைக்காரர் மகள், சரக்கை மாற்றிக் கொடுக்க மாட்டாள் என்று நம்பினார்.

அனுசுயாவுக்கோ தலை சுற்றியது. யாக்கோபு என்று இரண்டு பேர் வந்து நின்றார்கள். ஒருவருக்கு வாள், மற்றவருக்குத் தடி. எவருக்கு எது? சீமோனை ரம்பத்தால் அறுத்தார்கள் என்றது ஒரு புத்தகம். நிம்மதியாகத்தான் இறந்தார் என்றது இன்னொன்று.

ஒரே ஆள் எப்படி இரண்டு விதமாக இறக்க முடியும் என்று சாரிடமே போய்க் கேட்டாள். பழைய சங்கதி, ஊருக்கு ஊர் வேறு மாதிரி சொல்வார்கள், உறுதியாக யாருக்கும் தெரியாது என்றார் அவர். ஒரே குடத்துக்கு இரண்டு விலை சொன்னால் அப்பா சும்மா விடுவாரா? குழப்பம் கூடியதுதான் மிச்சம்.

தோமா வேடம் சுரேஷ்குமாருக்கு. தோமா நம் சென்னையிலேயே இறந்தாராம் என்று சொல்லிச் சொல்லி, இருப்பதிலேயே நீளமான ஈட்டியைத் தட்டிக்கொண்டு போனான்.

கடைசியில் வளவன் வந்தான். அவன் யோவான். ஆயுதப் பெட்டியில் அவனுக்கு ஒன்றுமே இல்லை. யோவானை யாரும் கொல்லவில்லை, வயதாகித்தான் இறந்தார்.

"அப்ப நான் கையை வீசிக்கிட்டு நிக்கணுமா?"

"கட்டில்ல படுத்து இருமுடா, போதும்" என்றான் சுரேஷ்குமார்.

எல்லோரும் சிரித்தார்கள். வளவன் சிரிக்கவில்லை. பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்க்கும் அவன் அப்பா, இதற்காகவே ஷிப்டை மாற்றிக்கொண்டு வரப்போகிறார்.

"நான் வரலை, அனு. காய்ச்சல்னு சாரிட்ட சொல்லிடு."

ரம்பத்தை அவனிடம் தள்ளிவிடலாமா என்று அவளுக்கு ஒரு நிமிடம் தோன்றியது. ஆனால் இல்லாத சாவை யோவான் தலையில் கட்டுவது போலிச் சரக்கு ஆகிவிடாதா? மறுபடி சாரிடம் ஓடினாள். கடைசிக் காலத்தில் யோவான் என்னதான் செய்தார்?

அவரால் நடக்கவே முடியவில்லையாம். கூட்டத்துக்கு ஆட்கள் தூக்கி வருவார்களாம். அப்படித்தான் சொல்கிறார்கள் என்றார் சார்.

தூக்கி வருவதா? அனுசுயா முகம் மலர்ந்தது. அவள் தெருவில் பெருமாள் பல்லக்கு எத்தனை முறை வந்திருக்கிறது! தாங்கிகள் தோளோடு தோள் அசைந்து வரும் நடை அவளுக்கு அத்துப்படி.

நாற்காலிக்கு இரண்டு மூங்கிலைக் கட்டினாள். வளவனை உட்கார வைத்து, மற்றவர்களைத் தூக்கச் சொன்னாள்.

சுரேஷ்குமார் விழித்தான். "நான்தான் முன்னாடியே செத்துட்டேனே? எப்படித் தூக்குறது?"

அனுசுயாவுக்கே குழம்பியது. இருந்தாலும் விடவில்லை.

"செத்தவரு ஈட்டியோட மேடையில நிக்கலாம், தூக்க மட்டும் கூடாதா?"

சுரேஷ்குமார் தோளைக் கொடுத்தான். ஈட்டியோடு தூக்க முடியவில்லை, கீழே வைத்தான். மற்றவர்களும் வைத்தார்கள். "வலது கால், இடது கால்" என்று அவள் சொல்லச் சொல்ல நடந்து பழகினார்கள்.

மறுநாள் மேடையில் வாளும் ரம்பமும் தரையில் கிடந்தன. யோவான் அசைந்து அசைந்து வந்தார். அரங்கமே எழுந்து கைதட்டியது. நரைத்தாடி ஒரு பக்கம் கழன்று தொங்க, வளவன் கூட்டத்தில் அப்பாவைக் கண்டுபிடித்துக் கையசைத்தான். படம் எடுக்க வந்த அப்பா, போனைத் தாழ்த்திவிட்டுப் பதிலுக்குக் கையசைத்தார்.

திரை விழுந்ததும் சுரேஷ்குமார் தோளைத் தேய்த்துக்கொண்டே ஜோஸ் சாரிடம் போனான்.

"அடுத்த வருஷம் நான் சாகலை சார். என்னை இவங்க தூக்கட்டும்."